முகூர்த்தத்துக்கு முன் ஒரு தேதி

தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் வந்துவிட்டால் வானொலி நிலையத் தொலைபேசி ஓயாது. மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்லிப் பாட்டுக் கேட்பவர்கள்தான் அதிகம். சில ஆண்டுகளாக அவர்களோடு இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. இவர்கள் பாட்டு ஓடும் நேரமாகப் பார்த்து, ஒலிபரப்பில் வராமல், மெல்லக் கேட்பார்கள்.

"தங்கச்சி, பையன் தமிழ்நாட்டுப் பொண்ணப் பார்த்திருக்கான். கோயில்ல தாலி கட்டிட்டாப் போதுமா, வேற ஏதும் செய்யணுமா?"

"மக இலங்கைப் பையன விரும்புறா. கல்யாணத்த இங்க வைக்கிறதா, அங்க வைக்கிறதா? எது நல்லது?"

நான் வழக்கறிஞர் இல்லை. ஊடகத்துறையில் பட்டம் வாங்கி ஒலிவாங்கி முன் உட்கார்ந்தவள். "பதிவிலாகாவில் கேளுங்கள்" என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் என் தம்பியின் கல்யாணத்துக்குக் காகிதம் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது.

எங்கள் ஊர் நிபோங் திபால். பினாங்கு என்றவுடன் எல்லோருக்கும் ஜார்ஜ்டவுனும் பாலமும் நினைவுக்கு வரும். நாங்கள் இருப்பது பெருநிலத்தின் தெற்குக் கோடியில், கிரியான் ஆற்றங்கரையில். தாண்டினால் பேராக் மாநிலம், பாரிட் புந்தார். ஒரு காலத்தில் கரும்பு, பிறகு ரப்பர், இப்போது செம்பனை. ஊரைச் சுற்றி இருந்த தோட்டங்களில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பத்து காவான் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். என் தம்பியும் அங்கேதான் பொறியாளர். பெண் திருச்சி. எங்கள் ஊரில் இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் முதுகலை படிக்க வந்தவள். படிப்பு முடிந்து அவள் ஊர் திரும்பிய பிறகுதான் தம்பி வீட்டில் வாயைத் திறந்தான்.

இரண்டு வீட்டிலும் பெரிய எதிர்ப்பு இல்லை. திருச்சியில் தை மாதம் கல்யாணம், பிறகு நிபோங் திபாலில் வரவேற்பு என்று ஒரே வாரத்தில் பேசி முடித்தார்கள். "பதிவு எப்போது, எங்கே?" என்று நான் கேட்டதும்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது.

"முதல்ல தாலி ஏறட்டும். பேப்பர் வேலைய அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் அம்மா. பாட்டி இன்னும் ஒரு படி மேலே போனார். "எங்க கல்யாணத்துக்கு யாரு கையெழுத்துப் போட்டா? கங்காணியும் மாரியாத்தாளும்தான் சாட்சி. நான் வாழலையா?"

பாட்டி சொன்னது சட்டப்படியும் சரிதான். பாட்டிக்குக் கல்யாணமானது 1950களின் கடைசியில், தோட்டத்துக் கோயிலில். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சமய வழக்கப்படியோ இன வழக்கப்படியோ முறையாக நடந்த திருமணங்கள் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆக, பாட்டியின் கையில் காகிதம் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அவர் பதிவு பெற்ற மனைவி. அந்தச் சலுகை 1982 பிப்ரவரியோடு முடிந்தது. அதற்குப் பிறகு நடக்கும் ஒவ்வொரு திருமணத்துக்கும் பதிவு வேண்டும். பெண்ணோ மாப்பிள்ளையோ அயல்நாட்டவர் என்றால், அந்தப் பதிவின் தேதிதான் பிறக்கப்போகும் பிள்ளையின் நாட்டையே முடிவு செய்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தவன் என்னோடு ஆரம்பப் பள்ளியில் படித்த ஒருவன். அவன் அப்பா நம்மூர்த் தமிழர். அம்மா பக்கத்து நாட்டிலிருந்து வந்தவர். கோயிலில் மாலை மாற்றித் தாலி கட்டினார்கள். ஊரே சாப்பிட்டது. பதிவு மட்டும் நடக்கவில்லை. அவன் பிறந்தது இங்கே, வளர்ந்தது இங்கே, நெகாராகூ பாடியது எங்களோடு. பன்னிரண்டு வயதில் நாங்கள் எல்லோரும் அடையாளக் கார்டு எடுத்து ஒருவர் படத்தை ஒருவர் கேலி செய்துகொண்டிருந்தபோது அவன் மட்டும் பேசாமல் நின்றான். அவனுடைய பிறப்புப் பத்திரத்தில் 'பூக்கான் வார்கநெகாரா', குடிமகன் அல்ல, என்று எழுதியிருந்தது. பிறகு வங்கிக் கணக்கு, வாகன உரிமம், நிலையான வேலை என்று எங்கே போனாலும் அந்த இரண்டு சொற்கள் அவனுக்கு முன்னால் போய் நின்றன.

காரணம் கூட்டரசு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. பெற்றோர் சட்டப்படி மணந்தவர்கள் என்றால், மலேசியத் தந்தைக்கு இங்கே பிறக்கும் பிள்ளை மலேசியக் குடிமகன். பெற்றோர் சட்டப்படி மணக்கவில்லை என்றால், குடியுரிமை விஷயத்தில் 'தந்தை' என்ற சொல்லுக்குப் பதில் 'தாய்' என்று படிக்க வேண்டும் என்கிறது இரண்டாவது அட்டவணை. தாய் அயல்நாட்டவர் என்றால் பிள்ளையும் அயல்நாட்டவர். அந்த நாடும் ஏற்கவில்லை என்றால் பிள்ளைக்கு நாடே இல்லை.

"சரி, பிள்ளை பிறந்த பிறகு பதிவு செய்துகொண்டால்?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இதே கேள்வி கூட்டரசு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மலேசியத் தந்தை, பிலிப்பைன்ஸ் தாய். பிள்ளை பிறந்தது பிலிப்பைன்ஸில். பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்தது பிள்ளை பிறந்து ஐந்து மாதம் கழித்து. 2021 மே 28ஆம் தேதி ஏழு நீதிபதிகளில் நான்கு பேர், பிள்ளை பிறந்த நேரத்தில் பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை, எனவே சட்டப்படி தானாகக் கிடைக்கும் குடியுரிமை இந்தப் பிள்ளைக்கு இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள். ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசம், ஐந்தே மாதத் தாமதம்.

இந்தத் தீர்ப்பைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "அப்ப தைக்கு முன்னாடியே பதிவு வச்சிடலாம். பொண்ணு வீட்ல யாரு பேசறது?" என்றார்.

பேசுவது எளிதாக இல்லை. "தாலி இல்லாம பொண்ண அனுப்பினோம்னு ஊர்ல சொல்லுவாங்களே" என்று பெண்ணின் அம்மா தயங்கினார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பெண்ணோடு அவரும் வருவார். பதிவு முடிந்ததும் இருவரும் திரும்பிவிடுவார்கள். தை முகூர்த்தம்வரை பெண் பெண் வீட்டில்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது.

அடுத்து நாள் கணக்கு. இங்கே திருமணம் பதிவு செய்ய விரும்பும் இருவரும் முதலில் பதிவதிகாரியிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுப்பதற்கு முன் ஏழு நாள் அந்தப் பதிவு வட்டாரத்தில் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு 21 நாள் பார்வைக்கு வைக்கப்படும். யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் அதன் பிறகே திருமணத்துக்கான சான்றிதழ். ஏழும் இருபத்தொன்றும் இருபத்தெட்டு. இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் இங்கே முப்பது நாள்வரை தங்கலாம். ஆக, எங்கள் கையில் மிஞ்சியது இரண்டே நாள். அதற்குள் ஒரு பொது விடுமுறை குறுக்கே வந்தாலும் கணக்குத் தவறிவிடும். அப்படித் தவறினாலும் பதற வேண்டியதில்லை. அறிவிப்பைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம். அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருமணத்தை முடித்தால் போதும்.

கடற்கரைத் திருமணத்துக்கு ஆசைப்பட்டு பத்து ஃபெரிங்கிக்கு வரும் வெள்ளைக்கார ஜோடிக்கும் இதே கணக்குத்தான். மூன்று நாள் விடுமுறையில் வந்து மணலில் மோதிரம் மாற்றிக்கொண்டால் அது அழகான சடங்கு. சட்டப்படியான திருமணம் ஆகாது.

நாள் கணக்கைவிடக் கடினமாக இருந்தது காகிதக் கணக்கு. மலேசியருக்கு அடையாளக் கார்டு போதும். அயல்நாட்டவருக்குக் கடப்பிதழ், செல்லுபடியாகும் பாஸ், அவற்றோடு திருமணம் ஆகாதவர் என்று அவர் நாட்டு அரசோ தூதரகமோ தரும் சான்று. முன்பே மணமாகி விலகியவர் என்றால் மணவிலக்கின் இறுதி ஆணை. துணையை இழந்தவர் என்றால் மரணச் சான்றிதழ். மலாயிலோ ஆங்கிலத்திலோ இல்லாத எதற்கும் மொழிபெயர்ப்பு. இருபத்தொரு வயது நிறையாதவர் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம்.

அந்த 'ஆகாதவர்' சான்றுக்காகப் பெண்ணின் அப்பா திருச்சிக்கும் சென்னைக்கும் மூன்று முறை அலைந்தார். ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு வரிசை. எல்லாம் முடிந்து நகல் வந்தபோது நான் கவனித்தது பெயரை. சான்றில் அவள் பெயருக்கு முன் ஒற்றை எழுத்து இனிஷியல். கடப்பிதழில் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. பல்கலைக்கழகப் பட்டத்தில் அப்பா பெயர் முன்னால், அவள் பெயர் பின்னால். நமக்கு மூன்றும் ஒரே பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மலாய் அலுவலருக்கு மூன்று பெண்கள். எங்கள் பக்கம் ஏ/எல், ஏ/பி என்று பெயருக்கு நடுவில் எழுதிப் பழகியவர்கள், இனிஷியல் என்றால் என்னவென்று விளங்கிக்கொள்ள மாட்டார்கள். கடப்பிதழில் உள்ளபடியே எல்லாக் காகிதத்திலும் பெயர் இருக்கட்டும் என்று சொல்லி, மறுபடி ஒருமுறை எழுதி வாங்கினோம். தமிழ்நாட்டில் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்ப்பவர்கள் ஜாதகத்தோடு கடப்பிதழின் முதல் பக்கத்தையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

2024 தீபாவளி முடிந்த கையோடு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். ஏழு நாள் கழித்து அறிவிப்பு. அந்த 21 நாளில் இரண்டு அம்மாக்களும் அடுப்படியில் ஒன்றானார்கள். பதிவு நாளன்று கதவு திறந்திருந்த ஓர் அறையில், இருவரும் மனமொப்பி ஏற்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் பெண்ணின் அம்மா. இன்னொருவர் யார் என்று கேட்டபோது பாட்டி கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். தன் பெயரைத் தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக எழுதினார். மறுநாள் சம்பந்தி அம்மாவும் பெண்ணும் திருச்சிக்கு விமானம் ஏறினார்கள். தையில் மேளதாளத்தோடு தாலி ஏறியது.

எங்களுக்கு ஒத்துவந்த வழி எல்லோருக்கும் ஒத்துவர வேண்டும் என்பதில்லை. பதிவையும் தாலியையும் ஒரே நாளில் வைக்க விரும்பினால், துணைப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவர் இருக்கும் கோயிலில் வைக்கலாம். அங்கேயும் அறிவிப்பும் 21 நாளும் உண்டு. அர்ச்சகர் மந்திரம் சொன்னால் மட்டும் பதிவு ஆகிவிடாது. அவரோ உடன் இருப்பவரோ அந்த நியமனம் பெற்றவர்தானா என்று மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருச்சியிலேயே எல்லாம் என்றால் அங்கே வேறு கணக்கு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயம். ஒருவர் அயல்நாட்டுக் குடிமகன் என்றால் பலரும் போவது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழியில். அதற்கு இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக்குப் பிறகும் முப்பது நாள் காத்திருக்க வேண்டும். சாட்சிகள் மூன்று பேர். பன்னிரண்டு நாள் விடுப்பில் போகும் மாப்பிள்ளைக்கு இது ஆகாது.

வெளிநாட்டில் மணந்துகொண்ட மலேசியர், அந்தத் திருமணத்தை ஆறு மாதத்துக்குள் நம் தூதரகத்திலோ, நாடு திரும்பினால் இங்கே பதிவிலாகாவிலோ பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் அபராதத்தோடு பதியலாம். அந்தத் திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி சரியாக நடந்திருக்க வேண்டும். இருவருக்கும் அப்போது மணமுடிக்கத் தகுதி இருந்திருக்க வேண்டும். அந்தத் தகுதியை நம் சட்டமும் ஏற்க வேண்டும். ஒருவருக்கு ஏற்கனவே வேறொரு திருமணம் நீடித்தால் எந்த நாட்டில் போய் மாலை மாற்றினாலும் பயனில்லை.

நேயர்கள் அடிக்கடி கேட்கும் இன்னும் சில விஷயங்கள். தாய்மாமன் முறை: நம் சட்டம் நெருங்கிய உறவில் திருமணத்தைத் தடுக்கிறது. ஆனால் இந்து வழக்கப்படி அக்கா மகளை மணப்பதற்கு விலக்குத் தந்திருக்கிறது. இங்கிலாந்துச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. அதனால் இந்த உறவில் மணந்துகொண்டு வெளிநாட்டில் குடியேற நினைப்பவர்கள் அந்த நாட்டின் சட்டத்தையும் முன்பே விசாரிக்க வேண்டும். அடுத்தது, தொழிற்சாலையில் தற்காலிக வேலைப் பாஸில் இருப்பவர்கள். அந்தப் பாஸின் நிபந்தனையே இங்கே திருமணம் செய்யக்கூடாது என்பது. காதலுக்குத் தடை இல்லை என்றாலும் பதிவுக்குத் தடை உண்டு. முஸ்லிம் அன்பர்களுக்கு மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டம். அவர்கள் சமய இலாகாவில்தான் கேட்க வேண்டும்.

இனிப் பெண்களின் கதை. மகன் அயல்நாட்டுப் பெண்ணை மணந்தால் ஒரு நியாயம், மகள் அயல்நாட்டு ஆணை மணந்தால் வேறு நியாயம் என்றுதான் நெடுநாளாக இருந்தது. மலேசியத் தந்தையின் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தாலும் தந்தையின் வழியில் குடியுரிமை உண்டு. மலேசியத் தாயின் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தால் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். பிரசவத்துக்காக எட்டாம் மாதத்தில் சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் தாய்வீட்டுக்கு ஓடிவந்த பெண்களை எனக்குத் தெரியும். தாய்வீட்டுப் பாசம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ் அமைப்பும் சில மலேசியத் தாய்மார்களும் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பர் 9ஆம் தேதி தாய்மார்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அதை மாற்றியது. கடைசியில் அரசியலமைப்பையே திருத்தும் மசோதா மக்களவைக்கு வந்து, 2024 அக்டோபர் 17ஆம் தேதி 206 உறுப்பினர்களின் ஆதரவோடு நிறைவேறியது. 'தந்தை' என்று இருந்த இடத்தில் 'பெற்றோரில் ஒருவராவது' என்று வருகிறது. ஆனால் ஏற்கனவே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அது பின்னோக்கிப் போகாது. அவர்களுக்குப் பழைய விண்ணப்ப வரிசைதான்.

வாழ்க்கைத் துணைக்கும் வித்தியாசம் உண்டு. அயல்நாட்டு மனைவி உரிய நிபந்தனைகளை நிறைவேற்றினால் அரசியலமைப்பின் 15ஆவது விதியின் கீழ்க் குடியுரிமை கேட்கலாம். அந்த விதியே, மனைவி என்றால் எழுத்திலுள்ள சட்டப்படி பதிவான திருமணத்தின் மனைவி என்று சொல்லியிருக்கிறது. அயல்நாட்டுக் கணவருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. மருமகன் வருகிறவர் நீண்ட காலச் சமூக வருகைப் பாஸில் தங்கி, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மகளுக்கு வெளிநாட்டு வரன் பார்க்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். தெரிந்தால் சம்மதம் மாறிவிடாது. வீடு எங்கே, வேலை எங்கே, பிரசவம் எங்கே என்ற பேச்சு சரியான இடத்தில் தொடங்கும்.

இப்போது நிலையத்துக்கு அந்த மாதிரி அழைப்பு வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "பத்திரிகை அடிக்கக் கொடுத்துட்டீங்களா?" இல்லை என்றால் மூச்சு விடுவேன். ஜோதிடரிடம் போவதற்கு முன் பதிவிலாகாவுக்கு ஒரு நடை போய்வாருங்கள் என்பேன். அயல்நாட்டவரின் கடப்பிதழ், பாஸ், ஆகாதவர் சான்று மூன்றையும் காட்டி, அறிவிப்பு எப்போது கொடுக்கலாம் என்று கேளுங்கள். விதிகள் மாறும், கட்டணம் மாறும். அதனால் போன வருஷம் கல்யாணம் செய்த சித்தப்பா மகனிடம் கேட்பதைவிட அலுவலகத்தில் கேட்பதே மேல். அந்தத் தேதி கையில் கிடைத்த பிறகு முகூர்த்தம் பாருங்கள். நல்ல ஜோதிடர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர்களிடம் எப்போதும் இரண்டு மூன்று நாள் இருக்கும்.